மயிலின் நீலம் அச்சில் ஏறுமா?

அன்புள்ள ஐயா,

நிறங்களின் அறிவியலையும் பண்பாட்டையும் பற்றி நீங்கள் பரிந்துரைத்த படநூலை வாங்கினேன். நல்ல தாள், நல்ல கட்டு. ஆனால் மயில் பக்கம்தான் உறுத்துகிறது. தோகையில் நீலச் சாயமே கிடையாது என்கிறார்கள். விராலிமலைப் பக்கத்துக்காரன் நான், தினமும் மயிலைப் பார்க்கிறவன். இதை எப்படி நம்புவது? படத்திலுள்ள மயிலோ மினுக்கமே இல்லாமல் செத்துப்போன மாதிரி இருக்கிறது. இவ்வளவு விலை வைத்தவர்கள் அச்சைக் கவனித்திருக்க வேண்டாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் சந்தேகத்திலேயே இரண்டாவதற்கும் பதில் இருக்கிறது.

தோகையின் நீலத்துக்குப் பின்னால் உள்ள நிறமி மெலனின்தான். நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே சரக்கு. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் கோல்கள், வண்டியில் ஏற்றிய கரும்பு மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கின் இடைவெளிதான் எந்த ஒளி திரும்பி வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். இடைவெளி சுமார் 140 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் நீலம், 150 என்றால் பச்சை. பத்து நானோமீட்டரில் நிறமே மாறிவிடுகிறது!

நம்பிக்கை வரவில்லையென்றால் வெள்ளை மயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அது வேறு இனமில்லை. இறகில் மெலனின் சேராமல் போன அதே மயில். நீலம் தனிச் சாயமாக இருந்தால் கறுப்பு போன பிறகும் மிஞ்சியிருக்க வேண்டுமே? ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1665-லேயே, தண்ணீர் பட்டதும் மயிலிறகின் நிறம் போவதைக் கண்டு, ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில்தான் அது பிறக்கிறது என்று எழுதிவிட்டார். (நம் பனங்காடையின் நீலமும் சாயமல்ல. சி.வி. ராமன் 1934-ல் அந்த இறகுகளை ஆராய்ந்து எழுதினார்.)

இப்போது அச்சகத்துக்கு வருவோம். அங்கே இருப்பது சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. லென்ஸ் வைத்துப் பாருங்கள், உங்கள் மயில் புள்ளி புள்ளியாகப் பிரிந்துவிடும். சயான் புள்ளி சிவப்பு ஒளியை விழுங்கும், மெஜந்தா பச்சையை விழுங்கும். இரண்டும் சேர்ந்து விட்டுவைத்த மிச்சம்தான் நீங்கள் பார்க்கும் நீலம். மை ஏற ஏற ஒளி குறையும். பக்கத்தை எப்படித் திருப்பினாலும் அதே நீலம்தான். இறகைக் கொஞ்சம் சாய்த்தாலே அதன் நிறம் வேறாகிவிடும். கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற ஃபாயிலை ஒட்டியிருந்தாலும் இது வந்திருக்காது.

அதே நூலில் லாபிஸ் லாசுலி பக்கத்தைப் பாருங்கள். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் வெட்டியெடுத்து, அஜந்தா ஓவியங்கள் வரை வந்து சேர்ந்த கல் அது. அரைத்த பிறகும் நீலமாகவே இருக்கும், அதனால் மையில் ஓரளவு பிடிபடுகிறது. மயிலிறகை அரைத்தால் பழுப்புத் தூள்தான்.

ஆகவே அச்சுக்காரரைத் திட்டாதீர்கள். எனக்குப் பதிப்பாசிரியர் மேல்தான் வருத்தம். மயிலுக்குப் பக்கத்தில் அந்த மெலனின் அடுக்கின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றைப் போட்டிருக்கலாம். அது கறுப்பு வெள்ளைதான், செலவும் குறைவு.