எண்ணைத் தேடு, மகளே

கேள்வி: காவிரிச் செய்தியைத் தமிழ்ச் சேனல் ஒரு விதமாகவும் கன்னடச் சேனல் வேறு விதமாகவும் சொல்கின்றன. எதை நம்புவது, அம்மா?
– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: 1991 டிசம்பரில் பெங்களூருவில் நடந்த காவிரிக் கலவரத்தில், ஸ்ரீராமபுரத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் விழுந்த வதந்தியையெல்லாம் நம்பி நடுங்கியவள் நான். அன்று முதல், கூச்சலை விட்டுவிட்டு எண்ணைத்தான் தேடுகிறேன்.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மறுநாள் இரு மொழி நாளிதழ்களையும் வாங்கி, பென்சிலால் கோடிட்டுப் படித்தேன். தமிழகத்தின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி நீர்) 177.25 ஆகக் குறைந்திருந்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75இல் 4.75 டிஎம்சி பெங்களூருவின் தேவைக்கு. அதாவது, உன் வீட்டுக் குழாய்க்கும் என் வீட்டுக் குழாய்க்கும்! நான் பார்த்த எந்த விவாதத்திலும் இதை யாரும் சொல்லவில்லை. தஞ்சாவூரில் என் அண்ணனின் வயல் வெடித்துக் கிடந்ததும் உண்மைதான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகே எனக்கென்று ஒரு கருத்து உண்டானது.

இரவு விவாதங்களை நிறுத்திவிடு. வாட்ஸ்அப்பில் வருவதை அன்றைக்கே யாருக்கும் அனுப்பாதே. கன்னடம் படிக்கத் தெரியாதென்றால் கடைப் பலகைகளிலிருந்து தொடங்கு. நான் அப்படித்தான் கற்றேன்.