குளிர் மலையின் இருவாட்டி மண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்க ராக்கி மலைப்பகுதி மண் அறிக்கை ஒன்றில் ‘லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, சூப்பர்ஆக்டிவ் டிபிக் ஆர்ஜிகிரையோல்ஸ்’ என்று ஒரே மூச்சில் ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். இதை எப்படிப் பிரித்துப் படிப்பது?

பதில்: வாலிலிருந்து தலைக்கு வாருங்கள். கடைசியில் உள்ள ‘ஓல்’ என்பது மாலிசால் என்ற பெருவகுப்பின் அடையாளம். மேல்மண் கறுத்து, காரச் சத்துகள் நிறைந்த மண் இது. அதற்கு முன் வரும் ‘கிரையோ’ குளிரைக் குறிக்கிறது. ‘ஆர்ஜி’ என்றால் மேலிருந்து களி (மண்ணின் மிக நுண்ணிய துகள்) இறங்கிப் படிந்த அடுக்கு கீழே இருக்கிறது. ‘டிபிக்’ என்பது இந்த வகைக்குள் வேறு விசேஷம் எதுவும் இல்லை என்பதற்கான முத்திரை. அதே மண்ணில் கறுப்பு மேலடுக்கு 40 செ.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால், ‘டிபிக்’ இருக்கும் இடத்தில் ‘பேகிக்’ வந்திருக்கும்.

முன்னால் நிற்கும் மூன்று சொற்களும் வகைப்பாட்டின் கீழ்ப்படிகளில் ஒன்றான குடும்ப மட்டத்தைச் சேர்ந்தவை. ‘லோமி-ஸ்கெலிட்டல்’ என்றால் கன அளவில் 35% அல்லது அதற்கு மேல் கல். கல் போக மீந்த நுண்மண்ணில் களி 35%க்குக் குறைவு. ‘மிக்ஸ்டு’ என்றால் எந்தக் கனிமமும் தனியாக ஓங்கி நிற்கவில்லை. ‘சூப்பர்ஆக்டிவ்’ ஒரு வகுத்தல் கணக்கு: நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறனை (சத்துகளைப் பிடித்து வைத்துக் கொடுக்கும் திறன்) களி சதவீதத்தால் வகுத்தால் 0.60 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். களி 22%, பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 18 சென்டிமோல் என்றால் விடை 0.82.

இந்தக் குடும்பச் சொற்கள் மேல்மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைப் பலர் தவற விடுகிறார்கள். களி படிந்த அடுக்கு உள்ள மண்ணில், அந்த அடுக்கின் மேல் 50 செ.மீ. பகுதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அடுக்கு அதைவிட மெல்லியதானால் முழுவதையும். அப்படிப்பட்ட அடுக்கே இல்லாத ஆழமான மண்ணில் 25 முதல் 100 செ.மீ. வரை. காலடியில் மெத்தென்ற இருவாட்டி மண் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்தது) இருக்க, பெயரில் ‘ஸ்கெலிட்டல்’ வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பழைய அறிக்கைகளில் இதே மண் ‘ஆர்ஜிக் கிரையோபோரோல்ஸ்’ என்று இருக்கும். அமெரிக்க மண் வகைப்பாட்டு நூலின் 1975 பதிப்பில் இருந்த ‘போரோல்’ என்ற துணைவகுப்பு 1999 பதிப்பில் இல்லை. பெயர்தான் மாறியது, மண் மாறவில்லை.

கேள்வி: குளிர்காலத்தில் காற்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடமெல்லாம் ‘கிரையிக்’, அதாவது குளிர்வகை மண்தானா?

பதில்: இல்லை. இந்த வகைப்பாட்டில் குளிரைத் தீர்மானிப்பது கோடைக்காலம்! அதுவும் காற்றின் வெப்பநிலை அல்ல, 50 செ.மீ. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை. அதற்கு முன்பே பாறை தட்டினால் பாறையின் தலைமட்டத்தில் அளக்க வேண்டும்.

நிபந்தனைகள் இரண்டு. ஆண்டுச் சராசரி மண் வெப்பநிலை 0 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்து, நிரந்தர உறைமண் இல்லாதிருக்க வேண்டும். அத்துடன், கோடையில் நீர் தேங்காத கனிம மண்ணில் கோடைச் சராசரி 15 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இலைமக்கு அடுக்கு படர்ந்திருந்தால் அந்த வரம்பு 8 டிகிரியாக இறங்கிவிடும். இலைமக்கு கம்பளி போர்த்தியதுபோல வெயிலை உள்ளே விடாது. அதே மலையில் புல்வெளியைவிடக் காட்டுக்குள் மண் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். அதனால்தான் இரண்டு அளவுகோல்கள்.

வட அரைக்கோளத்தில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் 15ஆம் தேதிகளில் ஒவ்வொரு முறை அளந்து சராசரி எடுத்தால் கோடைக் கணக்குக்குப் போதும். 50 செ.மீ. ஆழத்தில் பகல் இரவு ஏற்ற இறக்கம் அநேகமாகத் தெரியாது என்பதால் எந்த நேரத்தில் அளந்தாலும் சரி. ஆனால் முந்தின நாள் வெட்டிய குழியின் சுவரில் வெப்பமானியைச் செருகினால், வெளிக்காற்று ஊறிய சுவரைத்தான் அளப்பீர்கள். துளைக்கருவியால் புதிதாகத் துளையிட்டு, அடியில் முனையைப் பதித்து, மேலே நிழல் கொடுத்து, முள் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள்.

மூன்று அளவுகளும் 9.0, 12.5, 13.0 என்று வந்தால் சராசரி 11.5. இலைமக்கு அடுக்கு இல்லையென்றால் இது கிரையிக். இருந்தால் கிரையிக் ஆகாது; ஆண்டுச் சராசரி 8க்குக் கீழே இருந்து, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் 6 டிகிரியாவது வித்தியாசம் இருந்தால் ‘ஃப்ரிஜிட்’ பிரிவுக்குப் போய்விடும். ஆக, தரையில் இலைமக்கு அடுக்கு உண்டா இல்லையா என்று எழுத மறந்தவரின் வெப்பநிலைக் கணக்கு எவ்வளவு துல்லியமானாலும் வீண்.

கேள்வி: எடைபோட்டுப் பார்த்ததில் மண்ணில் பாதி கல். 35 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, ‘ஸ்கெலிட்டல்’ என்று எழுதலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். 35% என்பது கன அளவு. நீங்கள் சொல்வது எடை. கல்லின் அடர்த்தி 2.65 என்றும், நுண்மண்ணின் பருமன் அடர்த்தி (துளைகளையும் சேர்த்த அடர்த்தி) 1.3 என்றும் வையுங்கள். 100 கன சென்டிமீட்டரில் 35 பங்கு கல் என்றால் கல்லின் எடை சுமார் 93 கிராம், மண்ணின் எடை 84.5 கிராம். அதாவது கன அளவில் 35% என்பது எடையில் ஏறத்தாழ 52%. உங்கள் 50% வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அங்கக மக்கு அதிகமாகி மண் இலேசாக இருந்தால் இந்த வரம்பு இன்னும் மேலே ஏறும். எல்லையில் நிற்கும் மண்ணுக்குப் பருமன் அடர்த்தியை அளக்காமல் பெயர் வைக்காதீர்கள்.

2 மி.மீ. சல்லடையில் தங்குவதெல்லாம் கல் கணக்கு. கையால் நசுக்கினால் உடையும் மண்கட்டியைக் கல்லாக எண்ணிவிடுவது வழக்கமான பிழை. உதிரும் பாறைத்துண்டுகள் அதிகமுள்ள சரிவுகளில் இது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: கையால் உருட்டிப் பார்த்தால் வண்டல் (மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துகள்) மிகுந்த இருவாட்டி. ஆய்வகமோ மணல் கலந்த இருவாட்டி என்கிறது. யாரை நம்புவது?

பதில்: இருவரையும் சந்தேகியுங்கள். இருவாட்டி, அதாவது ஆய்வகத்தார் சொல்லும் ‘லோம்’, களி 7 முதல் 27%, வண்டல் 28 முதல் 50%, மணல் 52% வரை கொண்டது. ஈரப்படுத்திப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தள்ளினால் 2.5 செ.மீ. நீளமாவதற்குள் நாடா அறுந்துவிழும். ஆனால் குளிர் மலையில் மட்கல் மெதுவாக நடப்பதால் அங்ககப் பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது மாவுபோல வழுவழுப்பைத் தந்து, வண்டல் என்று விரலை ஏமாற்றும்.

ஆய்வகப் பக்கத்துப் பிழை வேறு. அங்ககப் பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடால் எரிக்காமல் ஹைட்ரோமீட்டர் சோதனை (துகள்கள் நீரில் படியும் வேகத்தை வைத்து அளப்பது) செய்தால், ஒட்டிய துகள்கள் பிரியாமல் மணலோடு மணலாக அடியில் விழுந்துவிடும். பெராக்சைடைச் சிறிது சிறிதாகத்தான் ஊற்ற வேண்டும். மொத்தமாக ஊற்றினால் நுரை பொங்கி மாதிரியும் வெளியே போய்விடும்.

எரிமலைச் சாம்பல் கலந்த மண்ணில் இதுவும் கைகொடுக்காது. 1500 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் தங்கும் நீரின் சதவீதத்தைக் களி சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். 0.6க்கு மேல் போனால் களி சரியாகப் பிரியவில்லை என்று பொருள். அப்போது அந்த நீரின் சதவீதத்திலிருந்து அங்ககக் கரிமத்தைக் கழித்து 2.5ஆல் பெருக்கி, களியை மதிப்பிடுவார்கள்.

கேள்வி: களி இறங்கிப் படிந்த அடுக்கு உண்மையாகவே இருக்கிறதா என்று குழியிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் எண்ணிக்கை. மேலடுக்கில் களி 15 முதல் 40% என்றால் கீழடுக்கில் அதைப்போல் 1.2 மடங்காவது இருக்க வேண்டும். மேலே 18% என்றால் கீழே 21.6%. மேலே 15%க்குக் குறைவு என்றால் குறைந்தது 3 சதவீதப் புள்ளி கூடுதல் போதும்.

அடுத்து, 10 மடங்கு உருப்பெருக்கியோடு குழிச்சுவருக்குப் போங்கள். மண்கட்டியின் முகத்திலும் வேர்த்துளைகளின் உள்சுவரிலும் மெழுகு பூசியதுபோல் மினுங்கும் மெல்லிய படலம் தெரிய வேண்டும். கல் நிறைந்த மண்ணில் மணல்மணிகளுக்கு இடையே களி பாலம் கட்டியிருக்கும். ஈர மண் தானாகவே மினுங்கும். கட்டியை உலரவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

குளிர் மலைக்கே உரிய ஒரு ஏமாற்று உண்டு. உறைந்து உருகும் மண்ணில் கற்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் வெளிர்நிறப் பூச்சு ஒன்று இருக்கும். அது வண்டல். தேய்த்தால் மாவாக உதிரும், மினுங்காது. அதைக் களிப்படலம் என்று எழுதினால் ஆர்ஜிகிரையோல் என்ற பெயரே தப்பாகிவிடும்.

கேள்வி: இந்தக் குளிர் மலை மண்ணைத்தான் ‘கிரையோசால்’ என்கிறார்களா?

பதில்: இல்லை. அது உலக மண் ஆதார வகைப்பாட்டில் நிரந்தர உறைமண்ணுக்கான பெயர். அந்த வகைப்பாடு தட்பவெப்பத்தை அளவுகோலாக எடுப்பதில்லை. ஆகவே நாம் பேசும் மண் அங்கே பெரும்பாலும் ஃபேயோசெம் என்று போகும். பெயரில் குளிரின் வாடையே இருக்காது.

கேள்வி: மேல்மண் நல்ல கறுப்பு. அப்படியானால் மாலிசால் என்று முடிவு கட்டலாமா?

பதில்: நிறம் மட்டும் போதாது. மன்செல் நிற அட்டையில் வேல்யூ (நிறத்தின் வெளிர்மை) ஈரத்தில் 3, உலர்வில் 5, இவற்றுக்கு மேல் போகக் கூடாது. ஈரத்தில் குரோமாவும் (நிறத்தின் செறிவு) 3க்குள் இருக்க வேண்டும். பலர் ஈரத்தில் மட்டும் பார்த்துவிட்டு உலர்நிறத்தை விட்டுவிடுகிறார்கள். நிறம் தேறினாலும் காரச் செறிவு (பரிமாற்றத் திறனில் காரச் சத்துகள் பிடித்திருக்கும் பங்கு) 50% வேண்டும். அதற்குக் குறைந்தால் அதே கறுப்பு ‘அம்ப்ரிக்’ ஆகி, மண் மாலிசாலை விட்டு வெளியேறும். ஊசியிலைக் காட்டில் பிஎச் 5.5க்குக் கீழே வந்தால், காரச் செறிவைச் சோதித்த பிறகே பெயரை எழுதுங்கள்.