வணிகச்சின்னத்தை இன்னொரு நிறுவனத்துக்கு விற்கும்போது இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டால் போதுமா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: அவருடைய நிறுவனம் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும், பதிவு பெற்ற வணிகச்சின்னம் ஒன்றை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறது, விலையும் பேசி முடிந்துவிட்டது, இனி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டால் போதுமா என்பது கேள்வி.

அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். இத்தகைய உரிமை மாற்ற ஆவணங்களைப் பல ஆண்டுகளாக எழுதியும் திருத்தியும் வருகிறேன். பின்னாளில் வழக்காக முற்றிய விற்பனைகளில் ஆவணமே இல்லாதவை குறைவு. ஆவணம் இருந்தும் அது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவைதான் அதிகம்.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். 'இச்சின்னத்தை மாற்றித் தருவோம்' என்று எதிர்காலத்தில் எழுதினால் அது வாக்குறுதி மட்டுமே. 'இந்த ஆவணத்தின் வழியாக மாற்றித் தருகிறோம்' என்று எழுதினால்தான் கையெழுத்திடும்போதே உரிமை கைமாறுகிறது. இது இலக்கண நுணுக்கம் பேசுபவர்களின் பிடிவாதம் போலத் தோன்றலாம். ஆனால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோச் நிறுவனத்துக்கும் இடையே நடந்த காப்புரிமை வழக்கில், ஆய்வாளர் ஒருவர் பல்கலைக்கழகத்திடம் 'மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்' என்றும், மற்றொரு நிறுவனத்திடம் (அதன் உரிமைதான் பின்னர் ரோச்சுக்கு வந்தது) 'இப்போதே மாற்றித் தருகிறேன்' என்றும் கையெழுத்திட்டிருந்தார். முதலில் கையெழுத்து வாங்கியது பல்கலைக்கழகமாக இருந்தும், அந்தச் சொல் வேறுபாடு அதற்குப் பாதகமாகவே முடிந்தது.

அடுத்தது, நீங்கள் விற்பது எதை என்பது. இந்தக் கேள்வியில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். சின்னம் வெறும் படமோ பெயரோ அல்ல. வாடிக்கையாளர்கள் மனத்தில் அதன் பின்னால் சேர்ந்திருக்கும் நம்பிக்கையைத்தான் வணிகத்தில் நற்பெயர் அல்லது குட்வில் என்கிறோம். அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், தொழிலோடு சேர்த்தோ சேர்க்காமலோ சின்னத்தை மாற்றித் தரும் உரிமை அதன் உரிமையாளருக்கு உண்டு என்று 21ஆவது பிரிவில் சொல்கிறது. ஆனால் தொழிலை விட்டுக்கொடுக்காமல் சின்னத்தை விற்பது வேறு, நற்பெயரைத் தவிர்த்துவிட்டுச் சின்னத்தை மட்டும் விற்பது வேறு. அமெரிக்கச் சட்டம் இரண்டாவதை ஏற்பதில்லை. 1969ஆம் ஆண்டின் பெப்சிகோ–கிரேப்பெட் வழக்கு இதற்கு நல்ல சான்று. கிரேப்பெட் நிறுவனம் 'பெப்பி' என்ற பழைய சின்னத்தை எழுத்து மூலம் முறைப்படி வாங்கியது. ஆனால் அது முன்பு கோலா பானத்துக்கு உரிய சின்னம், வாங்கியவர்களோ அதை மிளகுச் சுவைப் பானம் ஒன்றுக்கு இட முனைந்தார்கள். பழைய பொருளின் தொடர்ச்சி இல்லாததால் அந்த உரிமை மாற்றமே செல்லாது என்றது நீதிமன்றம். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் வணிகச்சின்னச் சட்டம் நற்பெயர் இல்லாத மாற்றத்தை அனுமதிக்கிறது. ஆனால் 42ஆவது பிரிவின்படி, வாங்குபவர் ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் விண்ணப்பித்து, அவர் சொல்லும் முறையில் விளம்பரம் செய்யாவிட்டால் அந்த மாற்றம் நடைமுறைக்கே வராது. எனவே, நற்பெயரும் சேர்ந்து மாறுகிறதா இல்லையா என்பதை ஆவணத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டில் எதையும் சொல்லாத ஆவணம்தான் மிக மோசமானது.

தொழிலை வாங்கிவிட்டால் பெயர் தானாக வந்துவிடும் என்ற எதிர்த்திசைத் தவறும் உண்டு. 1998இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் விக்கர்ஸிடமிருந்து ரோல்ஸ்-ராய்ஸ் கார் தொழிலை 430 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. தொழிற்சாலை வந்தது, பென்ட்லி வந்தது, காரின் முகப்பில் நிற்கும் சிலையின் உரிமையும் வந்தது. ஆனால் 'ரோல்ஸ்-ராய்ஸ்' என்ற பெயர் விமான எஞ்சின் தயாரிக்கும் தனி நிறுவனத்திடம் இருந்தது. அது கார்களுக்கான உரிமத்தை 40 மில்லியன் பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவிடம் கொடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனமும் கடைசியில் 2003 முதல் அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. நடந்தது உரிமம்தான், விற்பனை அல்ல என்பதையும் இதில் கவனியுங்கள். உரிமம் கொடுப்பவர் உரிமையாளராகவே இருக்கிறார், சின்னத்தின் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் அவரிடமே நிற்கிறது. உரிமை மாற்றத்தில் அவர் முழுதாக விலகிவிடுகிறார். உங்களுக்கு உண்மையில் எது வேண்டும் என்பதை விலை பேசும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

விற்பவர் உண்மையிலேயே உரிமையாளரா என்பதை வீட்டுக்குத் தாய்ப்பத்திரம் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், விற்பவர் தந்த சான்றிதழை நம்பி ஆவணம் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பிறகு பதிவேட்டைத் திறந்தால், சின்னம் இன்னும் நிறுவனரின் சொந்தப் பெயரிலேயே இருந்தது. நிறுவனம் தொடங்குவதற்கு முன் அவர் பதிந்ததை யாரும் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றவில்லை. தன்னிடம் இல்லாததை நிறுவனம் விற்றிருந்தது. நல்வாய்ப்பாக நிறுவனர் உயிரோடும் நல்லுறவோடும் இருந்தார்; அவரிடம் தனி ஆவணம் வாங்கி உரிமைச் சங்கிலியை இணைக்கச் சில மாதங்கள் பிடித்தன. நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டதும், வேறொன்றோடு இணைந்ததும் பதிவேட்டில் ஏறாமல் இருப்பதும் இதே வகைச் சிக்கல்தான். கூடவே சின்னத்தின் மீது கடன் ஈடு போன்ற வில்லங்கம் இருக்கிறதா, யாருக்காவது உரிமம் தரப்பட்டிருக்கிறதா, புதுப்பிக்கும் தேதி எப்போது, சின்னம் உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறதா என்பவற்றையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத சின்னத்தைத் தக்க காரணம் இல்லாவிட்டால் நீக்கக் கோரலாம். அத்தகைய சின்னத்துக்கு முழு விலை கொடுப்பது வீண்.

ஆவணத்தில் பதிவு எண்கள், சின்னம் எந்தெந்தப் பொருள்களுக்குப் பதிவாகியிருக்கிறது என்பதைக் காட்டும் சரக்கு வகுப்புகள், நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள், பதிவில்லாத ஆனால் பயன்பாட்டால் வந்த உரிமைகள், பிற நாட்டுப் பதிவுகள் ஆகிய அனைத்தையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். விற்பனைக்கு முன் நடந்த மீறல்களுக்காக வழக்குத் தொடுக்கும் உரிமையும் மாறுகிறது என்று தெளிவாக எழுதாவிட்டால், அந்த உரிமை விற்றவரிடமே தங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. விற்பனை முடிந்த பிறகும் பதிவுக்குத் தேவையான தாள்களில் விற்றவர் கையெழுத்திட வேண்டும் என்ற கடமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிய பின் தொலைபேசியை எடுக்காதவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

விண்ணப்ப நிலையில் உள்ள சின்னம் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் இனிமேல் பயன்படுத்தும் நோக்கம் உண்டு என்று மட்டும் சொல்லி அளித்த விண்ணப்பத்தை, பயன்பாடு தொடங்கியதைத் தெரிவிக்கும் முன்பு, நடந்துகொண்டிருக்கும் தொழிலை வாங்கும் நிறுவனத்துக்கு அன்றி வேறு யாருக்கும் மாற்ற முடியாது. 1996ஆம் ஆண்டின் குளோராக்ஸ் வழக்கில், அத்தகைய விண்ணப்பத்தைக் கடனுக்கு ஈடாக வங்கியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்ததே பின்னர் கிடைத்த பதிவு ரத்தாகக் காரணமாயிற்று.

கையெழுத்து யார் போட வேண்டும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றித் தருபவரின் கையெழுத்து போதும். ஐரோப்பிய ஒன்றியச் சின்னத்துக்கு இரு தரப்பும் கையெழுத்திடாவிட்டால் மாற்றமே செல்லாது. எங்கே இருந்தாலும் இருவரும் கையெழுத்திடுவதில் இழப்பேதும் இல்லை.

இனி பதிவு. ஆவணம் கையெழுத்தானதும் பெரும்பாலான நாடுகளில் உங்கள் இருவருக்கு இடையே உரிமை மாறிவிடும். மூன்றாம் நபருக்கு எதிராக அது நிற்கப் பதிவேட்டில் ஏற வேண்டும். அமெரிக்காவில் மூன்று மாதத்துக்குள் பதியாவிட்டால், முந்தைய விற்பனை தெரியாமல் அதே சின்னத்தை விலை கொடுத்து வாங்கிய இன்னொருவர் முதலில் வாங்கியவரை முந்திவிடலாம். பிரிட்டனில் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவில்லை என்றால், பதிவுக்கு முன் நடந்த மீறலுக்கான வழக்கில் வென்றாலும் வழக்குச் செலவு கிடைக்காது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்புக் கோரும் மாட்ரிட் முறையில் எடுத்த பன்னாட்டுப் பதிவானால், உரிமை மாற்றத்துக்கான எம்எம்5 படிவம் ஒன்றே பல நாடுகளுக்குப் போதுமானது. ஆனால் வாங்கும் நிறுவனத்துக்கு அந்த முறையில் உள்ள நாடு ஒன்றோடு குடியுரிமை, வசிப்பிடம் அல்லது உண்மையான தொழில் நிலையம் வழியான தொடர்பு இருக்க வேண்டும். பதிவு அலுவலகத்தில் தரும் ஆவணத்தைப் பிறர் பார்க்க முடியும் என்பதால், விலையும் நிபந்தனைகளும் அடங்கிய முழு ஒப்பந்தத்தை உங்களிடம் வைத்துக்கொண்டு, உரிமை மாற்றத்தை மட்டும் சொல்லும் ஓரிரு பக்க ஆவணத்தைத் தனியாக எழுதி அங்கே கொடுங்கள். ஒரே உரிமையாளரின் இரு நிறுவனங்களுக்கு இடையே நடக்கும் மாற்றமானாலும் நியாயமான விலையை எழுதுங்கள். வரித்துறை அதைக் கேட்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, பெரும்பகுதியைக் கையெழுத்தாகும் நாளில் கொடுத்து, மீதியைப் பதிவேட்டில் பெயர் மாறிய பிறகு கொடுக்கும்படி எழுதிக்கொள்வதையே வாங்குபவர்களுக்கு நான் சொல்வேன். விற்பவரான நீங்கள் அந்த மீதிக்கு ஒரு கடைசித் தேதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பதிவு அலுவலகத்தின் தாமதம் உங்கள் கையில் இல்லை. உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே அந்தச் சின்னத்தின் சொல் இருந்தால், எத்தனை நாளுக்குள் நிறுவனப் பெயரை மாற்றுவீர்கள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.