கோடிங் தெரியாத எனக்குச் சரியான கோ-ஃபவுண்டர் எங்கே கிடைப்பார்?

எங்கே என்று கேட்கிறீர்கள். நானும் 2016ல் அதையே கேட்டுக்கொண்டு அலைந்தேன். சீக்கிரமே ஆள் கிடைத்துவிட்டார், வினையே அதில்தான் ஆரம்பித்தது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங். திரும்பி வரும்போது எடை குறைந்திருக்கும். யாரிடம் எத்தனை கிலோ நிற்கிறது என்பது டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) கட்டுகளுக்குள் கிடக்கும். அதை மொபைலில் கொண்டுவர ஆசை. கல்லூரி நண்பனுக்குக் கோடிங் தெரியும். டீக்கடையில் பாதிப் பாதி என்று பேசினோம். ஆடிட்டர் ஆளுக்கு 5,000 ஷேர் போட்டு பிரைவேட் லிமிடெட் பதிந்து தந்தார்.

எட்டாவது மாதம் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. குறை சொல்ல மாட்டேன், தங்கை கல்யாணம் முன்னால் நின்றது. ஆனால் பாதிக் கம்பெனியும் அவனோடு போயிற்று. பணம் போட வந்தவர் ஷேர் கணக்கைப் பார்த்ததோடு சரி, அப்புறம் போனே எடுக்கவில்லை. கோட் விஷயம் இன்னும் மோசம். கம்பெனி பதியும் முன்பே அவன் எழுதியது அது. பதிப்புரிமைச் சட்டம் 1957ன்படி எழுதியவரே முதல் உரிமையாளர். எழுதிக் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தால்தான் கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் காகிதத்திலும் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். கையெழுத்து வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இரண்டாமவரை நான் தேடவே இல்லை. எங்கள் பனியன் கம்பெனிக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட வந்தவர். தீபாவளி போனஸ் வாரத்தில் அவர் செய்த அப்டேட்டில் டிசி நம்பர் இரண்டிரண்டாக விழுந்திருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ராத்திரி 11 மணிக்கு அவரே கூப்பிட்டு, "என் தப்புங்க, காலையில 7 மணிக்கு வந்து கையாலயே சரிபண்ணித் தர்றனுங்க" என்றார். வந்தார்.

உடனே ஷேர் பேசவில்லை. 3 மாதம் சனிக்கிழமைகளில் காசு கொடுத்தே சேர்ந்து வேலை பார்த்தோம். இல்லாத வசதியை ஒரு பார்ட்டிக்கு நான் ஒத்துக்கொண்டு வந்தபோது, "என்னைக் கேட்டீங்களா?" என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம் அவர் பக்கம். அதற்குப் பிறகுதான் 4 வருட வெஸ்டிங் (ஷேர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது), 1 வருட க்ளிஃப் போட்டோம்: முதல் வருடம் முடியாமல் விலகினால் ஒன்றும் கிடையாது, 2 வருடம் முடிந்து விலகினால் தன் பங்கில் பாதி. ஒப்பந்தத்தோடு கம்பெனியின் விதிமுறை ஆவணமான ஆர்டிகிள்ஸிலும் ஏற்றிவிடுங்கள். முன்பே இது இருந்திருந்தால் என் நண்பனிடம் ஒரு ஷேர்கூட நின்றிருக்காது.

ஆகவே முதலில் கூட வேலை பார்த்தவர்களைப் பாருங்கள். 2010ல் சென்னையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் ஜோஹோவில் ஒன்றாக இருந்தவர்கள். புதுக் கம்பெனிகளுக்குப் பணம் போடும் அமெரிக்க நிறுவனமான ஒய் காம்பினேட்டரின் கோ-ஃபவுண்டர் தேடும் தளம் இலவசம், அதிலும் பதியலாம். ஆனால் அது வரன் பார்ப்பது மாதிரி, ஜாதகம் வரைதான் தெரியும்.

நண்பனிடம் கேட்காமல் விட்ட ஒன்றை இவரிடம் முதலிலேயே கேட்டேன்: சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும்?

"வீட்டு இஎம்ஐ 14,000ங்க. ரெண்டு கறவை மாடு இருக்குது, அம்மா பாத்துக்கும். ஒரு வருசம் ஓட்டிப்போடலாமுங்க."