போனுக்கு ஃபைல் போக மாட்டேங்குதுங்ளா? ப்ளூடூத் கேள்வி பதில்

வணக்கமுங்க. இந்த தடவ வந்த கேள்விங்கள பிரிச்சு பாத்தா முக்காவாசி பேருக்கு ஒரே ஓரியாட்டம் தான், ப்ளூடூத்ல ஃபைல் அனுப்புனா போனுக்கு போய் சேர மாட்டேங்குது. ஒண்ணு முன்னாடியே சொல்லிப்போடறேன், எல்லாரும் அனுப்பற போனையோ லேப்டாப்பையோ தான் நோண்டறீங்க, ஆனா கடைக்கு வர கேஸ்ல பெரும்பாலும் சிக்கல் வாங்கற பக்கம் தான் இருக்கும்.

பல்லடம், காலேஜ் படிக்கற தம்பி: அண்ணா, லேப்டாப்ல இருந்து போனுக்கு ப்ராஜெக்ட் பிடிஎஃப் அனுப்பறேன். கோடு கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது, அப்பறம் 'விண்டோஸ் வாஸ் அனேபிள் டு டிரான்ஸ்ஃபர் சம் ஃபைல்ஸ்'னு வந்துருது. பேரிங் எல்லாம் ஆகி தான் இருக்கு. லேப்டாப்ல ப்ளூடூத் போயிருச்சுங்களா?

போகல தம்பி, லேப்டாப்ப கழட்டி கிழட்டி வெச்சுறாத. அனுப்பறப்ப உன்ற போன் எங்க இருக்கு, சார்ஜ்ல போட்டு திரை அணைஞ்சு கெடக்குதா? பேரிங் ஆச்சுன்னா ரெண்டுக்கும் அறிமுகம் ஆச்சுன்னு தான் அர்த்தம், ஒவ்வொரு தடவ ஃபைல் வரப்பவும் போன் 'வாங்கிக்கட்டுமா'னு உன்கிட்ட தனியா கேக்கும். முன்னெல்லாம் திரைக்கு நடுவுல பெருசா பொட்டி வந்து கேக்கும், இப்ப பல போன்ல மேல நோட்டிஃபிகேஷன்ல சத்தமே இல்லாம வந்து உக்காந்துக்குது, டூ நாட் டிஸ்டர்ப் போட்டு வெச்சிருந்தா சுத்தமா கண்ணுக்கே படாது. கொஞ்ச நேரம் பாத்துட்டு பதில் வரலைன்னா போனே வேண்டாம்னு சொல்லிரும், லேப்டாப்புக்கு ஏன்னு தெரியாது, அது பாட்டுக்கு அனேபிள்னு போட்டுரும். அதனால அனுப்பறதுக்கு முன்னாடி போன் லாக்க எடுத்து கையில வெச்சுக்க, மேல இருந்து நோட்டிஃபிகேஷன இழுத்து பாத்து அக்செப்ட் அமுக்கு. உன்னோடது பிடிஎஃப் தான, நிமிஷத்துல போயிரும்.

இதே கத லேப்டாப்புக்கும் உண்டு. போன்ல இருந்து லேப்டாப்புக்கு அனுப்பறப்ப விண்டோஸ் தானா வாங்கிக்காது, முதல்ல லேப்டாப்ல 'ரிசீவ் ஃபைல்ஸ்' சன்னல தொறந்து காத்துட்டு இருக்க வெச்சுட்டு அப்பறம் தான் போன்ல அனுப்பணும். அந்த மெனு எங்க இருக்குன்னே கண்டுபிடிக்க முடியலன்னா விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் ஒட்டுக்கா அமுக்கி வர பொட்டில எஃப், எஸ், கியூ, யு, ஐ, ஆர், டி (fsquirt) னு வரிசையா அடிச்சு என்டர் தட்டு, நேரா அனுப்பட்டுமா வாங்கட்டுமானு கேக்கற சன்னல் வந்துரும். இதெல்லாம் செஞ்சும் ஆகலைன்னா தான் ட்ரைவர், அதாவது ப்ளூடூத்த ஓட்டற சாஃப்ட்வேர் பக்கம் போகணும், அதையும் லேப்டாப் கம்பெனியோட சொந்த சைட்ல இருந்து எடு, 'ட்ரைவர் அப்டேட்டர்'னு கண்டதையும் இறக்கிறாத.

திருப்பூர், எம்பிராய்டரி யூனிட் வெச்சிருக்கறவரு: கம்ப்யூட்டர்ல இருந்து டிசைன் டிஎஸ்டி ஃபைல போனுக்கு அனுப்புனா உடனே ஃபெயில்னு வருது, ஆனா அதே டிசைனோட ஜேபெக் போட்டோ சும்மா ஜம்முனு போகுது. ஆர்டர் வேற நிக்குதுங்க.

நீங்களே பாதி கண்டுபிடிச்சுட்டீங்கண்ணா. போட்டோ போகுது, டிஎஸ்டி போகலன்னா ப்ளூடூத் நல்லா தான் இருக்குது, போனுக்கு அந்த ஃபைல் வகை புடிக்கல, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு ப்ளூடூத்ல உள்ள ஒரு பட்டியல் இருக்குதுங்க, போட்டோ, வீடியோ, பாட்டு, பிடிஎஃப், வேர்டு, எக்செல், ஜிப், இந்த மாதிரி தெரிஞ்ச வகைய தான் உள்ள விடும், தெரியாத வகை வந்தா 'வாங்கட்டுமா'னு உங்ககிட்ட கேக்கறது கூட இல்ல, வாசல்லயே திருப்பி அனுப்பிரும். எம்பிராய்டரி டிஎஸ்டி, பேட்டர்ன் போடற கேட் (CAD) ஃபைலு, டேலி பேக்கப்பு, இதெல்லாம் அதுக்கு தெரியாத ஒறம்பரை மாதிரி.

வழி ரொம்ப சுலபம். கம்ப்யூட்டர்ல ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணி ஜிப் ஆக்கிருங்க, அந்த ஜிப்ப அனுப்புங்க, போன்ல கூகுள் ஃபைல்ஸ் ஆப்ல தொட்டா பிரிஞ்சுக்கும். ஒரு சீசனோட டிசைன் பூராத்தையும் ஒரே ஜிப்ல போட்டா ஒரே ஒரு தடவ அக்செப்ட் அமுக்குனா போதும். சில பேரு டிஎஸ்டிங்கற பேர அழிச்சுட்டு பிடிஎஃப்னு மாத்தி அனுப்பறாங்க, அதுவும் போகும், ஆனா அந்த பக்கம் இருக்கற ஆளு திரும்ப பேர மாத்த மறந்துட்டா மெஷின்ல ஏறாது, அப்பறம் ஆபரேட்டரு உங்களுக்கு போன் போட்டு கத்துவாரு. ஜிப்பே பண்ணுங்க.

காங்கேயம் பக்கம், பேர் போட வேண்டாம்னு சொன்ன அக்கா: எங்கூரு மாரியம்மன் நோம்பில வள்ளி கும்மி ஆடுனத முழுசா வீடியோ எடுத்தது, மூணு ஜிபி இருக்குது. என்ற தங்கச்சி போனுக்கு ப்ளூடூத்ல அனுப்புனா பாதில நின்னுருது, திரும்ப போட்டா முதல்ல இருந்து ஆரம்பிக்குது. ரெண்டுமே புது போன், ப்ளூடூத் 5.3 னு போட்டிருக்குது.

அக்கா, 5.3 ய பாத்து ஏமாந்துறாதீங்க. அந்த நம்பர் ஏற ஏற வந்த முன்னேற்றம் எல்லாம் வாட்ச்சு, இயர்பட்ஸ் மாதிரி கம்மி கரண்ட்ல ஓடற சாமானுக்கு தான் அதிகம் வந்துச்சு. ஃபைல் அனுப்பற வழி இன்னைக்கும் 2004ல வந்த ப்ளூடூத் 2.0 காலத்து ரோடு தான். காகிதத்துல நொடிக்கு 3 மெகாபிட், கையில கெடைக்கறது மிஞ்சி போனா 2.1. மெகாபைட் கணக்குல பாத்தா நொடிக்கு கால் எம்பி பக்கம். உங்க மூணு ஜிபிக்கு எல்லாம் ஒழுங்கா போனாலே மூணேகால் மணி நேரம் ஆகும், வீட்ல போட்டா நாலு மணி நேரத்த தாண்டிரும். அவ்வளவு நேரமும் ரெண்டு போனும் பக்கத்து பக்கத்துல இருக்கணும், நடுவுல ஒரு போன எடுத்துட்டு தண்ணி சேந்தறதுக்கு கெணத்தடிக்கு போனீங்கன்னா முடிஞ்சுது. பேட்டரி சேவர் போட்டிருந்தா அதுவும் ஒரு நேரத்துல கழுத்த புடிச்சுரும். பாதில நின்னா விட்ட எடத்துல இருந்து எடுத்துக்கற வசதி நம்ம போன் ப்ளூடூத்ல கெடையாது, அதான் முதல்ல இருந்து ஓடுது.

ஐம்பது எம்பிக்கு மேல இருந்தா ப்ளூடூத்த நான் தொடறதே இல்ல. ரெண்டும் ஆண்ட்ராய்டுங்கறதால க்விக் ஷேர்னு ஒண்ணு உள்ளயே இருக்கும், முன்ன நியர்பை ஷேர்னு இருந்ததையும் சாம்சங்கோட க்விக் ஷேரையும் 2024 ஜனவரில ஒண்ணா சேத்துட்டாங்க. அது ப்ளூடூத்த வெச்சு பக்கத்துல எந்த போன் இருக்குன்னு தேடி புடிக்கும், ஃபைல வைஃபை வழியா தள்ளும், நெட் தீராது. உங்க வள்ளி கும்மி சில நிமிஷத்துல போயிரும். வாட்ஸ்அப்ல வீடியோவா போட்டா அது அமுக்கி சுருக்கி துணில இருக்கற சரிகையே தெரியாத மாதிரி பண்ணிரும், அதுல அனுப்பறதா இருந்தா டாக்குமெண்ட்னு போட்டு அனுப்புங்க, 2 ஜிபி வரைக்கும் தான் ஏறும், உங்களோடத ரெண்டா வெட்டணும். இன்னொன்னு, தங்கச்சி மெமரி கார்டுல சேமிக்கறாங்கன்னா கார்டு பழைய ஃபேட்32 வகையா இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல வாங்காது. இப்ப உங்களுக்கு தொந்தரவு இல்ல, ஆனா அடுத்த நோம்பிக்கு 4கேல எடுத்தீங்கன்னா அப்ப அது முட்டும்.

கோயமுத்தூர்: ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு அனுப்பறேன், பேரிங் கூட ஆக மாட்டேங்குது. என்னங்க பண்றது?

ஆகாதுங்க. ஐபோன்ல ப்ளூடூத் இருக்கு, ஆனா ஃபைல் வாங்கற அந்த பழைய முறைய ஆப்பிள் ஆரம்பத்துல இருந்தே வெக்கல. ஏர்டிராப்னு அவங்களுக்குள்ள தனியா ஒண்ணு வெச்சுக்கிட்டாங்க. 2025 நவம்பர்ல கூகுள் பிக்சல் 10 போன்ல க்விக் ஷேர் வழியா ஏர்டிராப்புக்கு அனுப்பற வசதிய குடுத்துச்சு, ஐபோன் பக்கம் 'எவ்ரிஒன் ஃபார் 10 மினிட்ஸ்'னு போட்டு வெக்கணும். உங்க போன்ல அது இல்லைன்னா கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் குடுங்க, இல்ல வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா போடுங்க. ப்ளூடூத்ல முட்டிட்டு இருக்காதீங்க.

தாராபுரம்: 'ரிசீவ்டு'னு வந்துச்சு, ஆனா கேலரில காணோம்.

கேலரிய விட்டுட்டு ஃபைல்ஸ் ஆப்புக்கு போங்க. பழைய ஆண்ட்ராய்டா இருந்தா 'ப்ளூடூத்'னு ஒரு ஃபோல்டர், புதுசா இருந்தா டவுன்லோட்ஸ்ல கெடக்கும். ப்ளூடூத் செட்டிங்ஸ்ல 'ஃபைல்ஸ் ரிசீவ்டு வையா ப்ளூடூத்'னு ஒரு வரி இருந்தா அதுல நேரா பட்டியலே வந்துரும்.

கோபி, பேத்தி எழுதுனது: எங்க அப்பாரு (தாத்தா) பட்டன் போன் தான் வெச்சிருக்காரு. அவருக்கு பாட்டும் பேச்சு ஆடியோவும் அனுப்புனா சிலது ஏற மாட்டேங்குது, சிலது ஏறியும் பாட மாட்டேங்குது.

அப்பாருக்கு என்ற வணக்கத்த சொல்லு கண்ணு. ஏறாததுக்கு முதல் காரணம் எடம். பட்டன் போனுக்குள்ள இருக்கற மெமரி ரொம்ப சின்னது, நாலஞ்சு பாட்டுக்கே ரொம்பிரும், அதனால ஒரு மெமரி கார்டு போட்டு சேமிக்கற எடத்த கார்டுன்னு மாத்தி வை. அப்பறம் அந்த போன்ல ப்ளூடூத் ஆன்ல இருந்தா மட்டும் பத்தாது, 'விசிபிள்'னு தனியா ஒண்ணு இருக்கும், அதையும் போடணும், நம்பர் கேட்டா 0000 இல்லைன்னா 1234 அடிச்சு பாரு. ஃபைல் பேரு நீளமா இருந்தா சின்னதா மாத்திட்டு அனுப்பு.

ஏறியும் பாடலைன்னா அது ப்ளூடூத் குத்தமே இல்ல. வாட்ஸ்அப்ல வர வாய்ஸ் மெசேஜ் ஓபஸ்ங்கற வகை, பட்டன் போனுக்கு எம்பி3 தான் தெரியும். போன்ல ஒரு ஆடியோ கன்வர்ட்டர் ஆப் போட்டு எம்பி3 ஆக்கிட்டு அனுப்பு. சொந்தக்காரங்க பேசி அனுப்பறத இப்படி மாத்தி குடுக்கற பேத்தி இருக்கறது அவரு குடுத்து வெச்சது தான்.

சோமனூர், தறி ஆபீஸ் கணக்கு பாக்கறவரு: ஆபீஸ் கம்ப்யூட்டர்ல யூஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் போட்டிருக்கோம். சில நாளு பில் எல்லாம் போனுக்கு நல்லா போகுது, சில நாளு அரை அடி தூரத்துல போன வெச்சாலும் அறுந்து அறுந்து போகுது. தறி மோட்டார் சத்தத்தால இருக்குமுங்களா?

தறி மேல பழிய போடறதுக்கு முன்னாடி டாங்கிளுக்கு பக்கத்து ஓட்டைல என்ன சொருகிருக்குன்னு பாருங்க. போகாத நாள்ல பேக்கப் எடுக்க ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ சொருகிருந்தீங்களா? உள்ள நீல கலர்ல இருக்கற யூஎஸ்பி 3 ஓட்டைல டிஸ்க் ஓடறப்ப அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல கெளப்பும், ப்ளூடூத் ஓடறதும் அதே 2.4ல தான். இன்டெல் கம்பெனியே 2012ல இத அளந்து எழுதி வெச்சிருக்கு. டாங்கிள கறுப்பு ஓட்டைக்கு மாத்துங்க, அதை விட நல்லது ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிள மேசை மேல கொண்டு வந்து வெக்கறது, கேபினெட் தகரத்துக்கு பின்னாடி இருந்து வெளிய வந்தாலே பாதி சரியாயிரும். வைஃபை ரவுட்டரும் பக்கத்துலயே இருந்தா கம்ப்யூட்டர 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்தி விடுங்க. காதுல ப்ளூடூத் ஹெட்செட்ல பாட்டு கேட்டுட்டே அதே போனுக்கு ஃபைல் வாங்கறதும் இழுக்கும், ரெண்டுக்கும் இருக்கறது ஒரே ரேடியோ.

பொள்ளாச்சி: 'பேர்டு'னு இருக்கு, 'கனெக்டட்'னு வரவே இல்ல.

வர வேண்டாமுங்க, போனுக்கு போன் அப்படித்தான். அனுப்பறப்ப மட்டும் தானா கனெக்ட் ஆகி முடிஞ்சதும் விட்டுரும். ஆனா ஒரு போன ரீசெட் பண்ணிருந்தாலோ புது போன் மாத்திருந்தாலோ பழைய பேரிங் செல்லாது, ரெண்டு பக்கமும் அழிச்சுட்டு புதுசா பண்ணுங்க. ஒரு பக்கம் மட்டும் அழிச்சா வேலைக்காகாது. அதுக்கும் மசியலைன்னா செட்டிங்ஸ்ல 'ரீசெட் வைஃபை, ப்ளூடூத்' இருக்கும், போட்டோ எல்லாம் போகாது, சேமிச்ச வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் பேரிங்கும் போயிரும், பாஸ்வேர்ட எழுதி வெச்சுக்கங்க.

ஈரோடு: பஸ் ஸ்டாண்டுல நின்னப்ப தெரியாத பேர்ல இருந்து ஃபைல் வாங்கட்டுமானு கேட்டுச்சு. அமுக்கலாங்களா?

அமுக்காதீங்க, டிக்ளைன் குடுங்க. 2004லயே கேபிர்னு ஒரு வைரஸ் அப்ப இருந்த சிம்பியன் போனுக்குள்ள ப்ளூடூத் வழியா தான் தொத்துச்சு, அதுவும் ஆளுங்க 'சரி'னு அமுக்குனதால தான் ஏறுச்சு. இப்ப அதே வேலைய வாட்ஸ்அப்ல கல்யாண பத்திரிகைனு பேர் போட்ட ஏபிகே ஃபைல, அதாவது ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல அனுப்பி பண்றாங்க, பத்திரிகை எதுவும் ஏபிகேவா வராதுங்க. ப்ளூடூத் வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிருங்க. உங்க போன் பேரு உங்க பேராவே இருந்தா செட்டிங்ஸ்ல 'டிவைஸ் நேம்' போய் வேற எதாவது வெச்சுக்கங்க, பஸ் ஸ்டாண்டுல நிக்கற எல்லாருக்கும் உங்க பேரு தெரியணும்னு என்ன இருக்குது.