84 வகுத்தல் போதும்

கேள்வி: 2147483647 ஒரு பகா எண் என்று 1772-லேயே கணிதமேதை ஆய்லர் நிரூபித்துவிட்டாராமே? கால்குலேட்டர் இல்லாமல் எப்படி? உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாலும் வகுத்தாரா?
– வாசகர், கரூர்

பதில்: வகுத்தார்தான், ஆனால் எதையெல்லாம் வகுக்கத் தேவையில்லை என்று முதலில் கண்டுபிடித்துக்கொண்டார். 214 கோடியைத் தாண்டும் இந்த எண்ணுக்கு வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றுக் கீழே. அதுவரை உள்ள பகா எண்கள் எதுவும் வகுக்கவில்லை என்றால் வேலை முடிந்தது. ஆனால் அவையே கிட்டத்தட்ட 4,800 இருக்கின்றன, பார்வை ஏறக்குறைய போய்விட்ட மனிதருக்கு அது ஆகிற காரியமா?

இந்த எண் 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 31 பகா எண் என்பதால், இதை ஏதாவது ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணை 62-ஆல் (31-இன் இரு மடங்கு) வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். சின்னதாகச் சோதித்துப் பாருங்கள்: 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047, அது 23 × 89. இரண்டையும் 22-ஆல் வகுங்கள், மீதி 1. (அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தான் என்று நினைப்பவர்களுக்கும் இந்த 2047 ஒரு குட்டு.) அப்புறம் இன்னொரு கட்டுப்பாடு, வகுக்கும் எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் பகா எண்கள் மட்டும்தான் மிச்சம், 46,341-க்குள் அப்படிப்பட்டவை வெறும் 84. ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இந்தப் பகா எண்ணிலிருந்து கிடைக்கும் நிறைவெண்ணைவிட (தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூட்டுத்தொகையே தானாக இருக்கும் 6, 28 மாதிரி) பெரிதாக ஒன்றை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அதனால் என்ன பிரயோஜனம் என்கிற தொனியில் எழுதி வைத்தார். பாவம், 1876-இலேயே பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இதே வகையைச் சேர்ந்த 39 இலக்கப் பகா எண்ணோடு வந்து நின்றார்.

கேள்வி: பகா எண் என்பதால்தான் கணினி இதை உச்சவரம்பாக வைத்திருக்கிறதா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லைங்க, அது தற்செயல். கணினி ஒரு முழு எண்ணை 32 பிட்டில் (0 அல்லது 1 மட்டும் வைக்கும் இடங்கள்) எழுதும்போது ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும், மீதி 31-லும் 1-ஐ நிரப்பினால் இதுதான் வரும். 16 பிட்டில் அதே மாதிரி வரும் 32767 பகா எண்ணே இல்லை, 7-ஆல் வகுபடும். ஆனால் பகா எண்ணாக இருப்பது பலன் தரும் இடமும் உண்டு. பழைய சமவாய்ப்பு எண் நிரல் ஒன்றில் கையிலிருக்கும் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாக எடுப்பார்கள். 1-இல் தொடங்கினால் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறை வந்த பிறகுதான் மறுபடி 1 வரும்.