"இந்த வருஷம் எனக்குத்தான் பண்டிகை இல்லை, நீங்க கொண்டாடுங்க"

கேள்வி: எங்கள் சொந்த ஊர் கும்பகோணம். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ரேடியோவில் கச்சேரி என்றால் அவருக்கு உயிர், தை மாசம் திருவையாறு ஆராதனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இந்தப் பங்குனியில் காலமாகிவிட்டார். தம்பி துபாயில் இருக்கிறான். அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் ஆவணியில் மடிப்பாக்கத்துக்கு, எங்கள் ஃபிளாட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். தீபாவளி கொண்டாடவில்லை. இப்போது குடியிருப்பு முழுக்க டிசம்பர் களைகட்டிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் குடும்பம் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு எட்டு வயது மகள், நம் பால்கனியிலும் ஸ்டார் கட்டணும் என்று தினமும் கேட்கிறாள். 31-ம் தேதி மொட்டைமாடியில் அசோசியேஷன் விழா, அதில் இவள் டான்ஸ் வேறு. கணவர், குழந்தைக்காகவாவது போகலாம் என்கிறார். அம்மாவோ, "இந்த வருஷம் எனக்குத்தான் பண்டிகை இல்லை, நீங்க கொண்டாடுங்க" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். கொண்டாடினால் அப்பாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி இருக்கிறது, கொண்டாடாவிட்டால் குழந்தை முகம் வாடுகிறது. ஊரே இந்த வருஷம் அதைச் சாதித்தேன், இதைச் சாதித்தேன் என்று ஸ்டேட்டஸ் போடுகிறது. எனக்கு அப்பா போனதும், அதற்கப்புறம் தாலுகா ஆபீஸ், பென்ஷன் ஆபீஸ் என்று அலைந்ததும் தவிர ஒன்றுமே நினைவில்லை. நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அம்மா சொன்ன அந்த வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மில் நிறையக் குடும்பங்களில் கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சாவில் தீட்டு மூன்று நாள்தான். வருஷம் முழுக்கப் பண்டிகை இல்லை என்பதெல்லாம் பங்காளிகளுக்கு. அதாவது வழக்கப்படி பார்த்தால் உங்கள் தம்பிக்குப் பண்டிகை இல்லை, உங்கள் வீட்டுக்கு உண்டு. இந்தக் கணக்கு உங்கள் அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும். தான் வந்து தங்கியிருப்பது மாப்பிள்ளை வீடு, தன் துக்கத்தால் அங்கே ஒரு நல்ல நாள் நின்றுபோகக் கூடாது என்ற பதைப்பில்தான் அவர் "எனக்குத்தான்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு உள்ளே போகிறார். தீபாவளிக்கு நீங்கள் எண்ணெய்ச் சட்டியே வைக்காமல் இருந்தது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்காது, பாரமாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கலாம். கணவரை இழந்த பெண்கள் நல்ல காரியம் நடக்கிற இடத்தில் யாரும் சொல்லாமலே பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி அது ரத்தத்தில் ஊறிவிட்டது. இந்த வழக்கத்தின் மேல் எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. உங்கள் வீட்டில் அது நடக்க விடாதீர்கள். மார்கழி பிறந்ததும் கோலமாவு டப்பாவை அம்மா கையில் கொடுத்து, "பேத்திக்கு ஒரு சிக்குக்கோலம் சொல்லிக்கொடும்மா" என்று மட்டும் கேளுங்கள். ஃபிளாட் வாசல் என்றால் ஏழு புள்ளிக்குத்தான் இடம் இருக்கும், பரவாயில்லை. மாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள், மார்கழிக்குத்தான் ஒரு மாசம் இருக்கிறதே.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் வருஷம் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும் என்று நினைப்பதுதான். அம்மாவுக்கு இந்த வருஷம் டிசம்பர் 31-ல் முடியாது. வருகிற பங்குனியில் அப்பாவுடைய தலைத் திவசம் முடிகிற அன்றைக்குத்தான் முடியும். நம் பெரியவர்கள் துக்கத்துக்கு ஒரு முழு வருஷம் ஒதுக்கி வைத்ததற்கு, என்னென்ன குறை சொன்னாலும், ஒரு அர்த்தம் உண்டு: அவர் இல்லாத தீபாவளி, அவர் இல்லாத பொங்கல், அவர் பிறந்த நாள், கல்யாண நாள் என்று ஒவ்வொன்றையும் ஒரு தடவை கடந்தாக வேண்டும், அதற்கு நடுவில் யாரும் வந்து சீக்கிரம் சரியாகிவிடு என்று அவசரப்படுத்தக் கூடாது. அந்த அவகாசத்தை அம்மாவுக்குக் கொடுங்கள். "புது வருஷம் பொறக்குது, பழசை மறந்துடும்மா" என்று யாராவது சொல்ல வந்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். உங்கள் மகளுக்கோ எட்டு வயது, அவளுக்கு டிசம்பர் என்றால் டிசம்பர்தான். நீங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிறீர்கள், அதனால் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் போய் வரலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை.

ஸ்டார் கட்டுங்கள், அதை யோசிக்கவே வேண்டாம். பாரிமுனை பக்கம் போனால் காகித ஸ்டார், பல்பு, ஒயர் எல்லாம் கிடைக்கும். அதைவிட மகளை எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், குடில் வைக்கவும் கல்கல் செய்யவும் ஒரு கை கூடுதலாக இருந்தால் அவர்களுக்கும் சந்தோஷம். டீச்சரிடம் உங்கள் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுங்கள். கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் கேக்கும் அச்சு முறுக்கும் கொண்டுவந்தால் அம்மா கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பண்டிகை இல்லாத வீட்டில் அடுப்பில் பலகாரச் சட்டி ஏறாது, அக்கம்பக்கத்திலிருந்துதான் தட்டு வரும், அதை வாங்கிச் சாப்பிடுவது வழக்கம்தான். கும்பகோணத்தில் அம்மாவே எத்தனையோ துக்க வீடுகளுக்குத் தீபாவளி அன்று பலகாரம் கொடுத்து அனுப்பியிருப்பார். அதனால் டீச்சர் வீட்டுத் தட்டை எப்படி வாங்க வேண்டும் என்று அவருக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

சென்னையில் டிசம்பர் என்பது துக்கத்தையும் கொண்டாட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழப் பழகிய மாசம். 2004-ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் மெரினா ஓரத்திலும் ஆட்களை வாரிக்கொண்டு போனது. உங்கள் ஊருக்குப் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அம்மாவுக்கு அது நன்றாகவே நினைவிருக்கும். இன்றைக்கும் டிசம்பர் 26 காலையில் மீனவக் குடும்பங்கள் கடலில் பால் ஊற்றிப் பூ தூவுகின்றன. முந்தின நாள் அதே கரையில் சாந்தோம் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் கூட்டம் நின்றிருக்கும், அதற்கு அடுத்த வாரம் புத்தாண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் மடிப்பாக்கமும் வேளச்சேரியும் தண்ணீரில் கிடந்தன, ஆனாலும் அந்த மாசமே சபாக்களில் கச்சேரி நடந்தது. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அப்படித்தான். உங்கள் குடியிருப்பிலேயே விசாரித்துப் பாருங்கள், கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் யாராவது, அந்த வருஷம் ஸ்டார் கட்டினோமா இல்லையா என்ற கதையைச் சொல்வார்கள்.

இப்போது நான் ரொம்பவும் சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைக் கச்சேரிக்குக் கூட்டிப் போங்கள்.

"கோயிலுக்கே போகாதபோது கச்சேரி எதுக்கு?" என்று அவர் கேட்கலாம். சென்னையின் டிசம்பர் சீசன் சாமி பண்டிகையாகத் தொடங்கியது இல்லை, திதி பார்த்து வருவதும் இல்லை. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னையில் நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாட்டையும் நடத்தினார்கள், அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது, வருஷக் கடைசியில் கூடிப் பாடுவதும் பேசுவதும் அப்படியே பழக்கமாகிவிட்டது. இதற்குத் தீட்டும் கிடையாது, புதுப்புடவையும் வேண்டாம். அப்பா வாழ்நாளெல்லாம் காதால் கேட்ட சங்கீதத்தை அம்மா போய் உட்கார்ந்து கேட்பதில் எந்த வழக்கமும் மீறப்படுவதில்லை. தயங்கினால் இதைச் சொல்லுங்கள்.

மாலைக் கச்சேரி வேண்டாம். டிக்கெட், கூட்டம், பெரிய பாடகர், பட்டுப்புடவை என்று இருக்கும், அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும். பல சபாக்களில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது, நேராக உள்ளே போய் உட்காரலாம். இளம் பாடகர்கள் பாடுவார்கள், அரங்கம் பாதிதான் நிரம்பியிருக்கும், முட்டி வலிக்கிறவர்கள் ஓர நாற்காலியாகப் பார்த்துக் காலை நீட்டிக்கொள்ளலாம். வார நாளில் போங்கள். லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போகும், அதனால் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறித் திருமயிலையில் இறங்குவதுதான் வசதி. உள்ளே ஏசி குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குத் தமிழ்ப் பாட்டுகள்தான் அதிகம் பிடிக்கும் என்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்க விழா நடக்கும், 1943-ல் தமிழ்ப் பாட்டுக்கென்றே தொடங்கிய சங்கம் அது.

மத்தியானச் சாப்பாட்டைச் சபா கேன்டீனில் வைத்துக்கொள்ளுங்கள். சில மாசமாக அம்மா தனக்கென்று ஆசைப்பட்டு எதையும் சாப்பிட்டிருக்க மாட்டார், இலை போட்டுப் பரிமாறும்போது பக்கத்தில் இருக்கிறவர் "ரசம் நன்னா இருக்கு, போட்டுக்கோங்கோ" என்று பேச்சுக் கொடுப்பார், யார் என்ன என்று விசாரிக்காமல் சும்மா ராகத்தைப் பற்றி மட்டும் பேசுகிற அந்நியர்கள் துக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கினதும் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போவார்கள், நீங்கள் போகாதீர்கள், அந்த மிருதங்கக்காரப் பையன் இதற்காக எத்தனை வருஷம் சாதகம் செய்திருப்பான். ஏதாவது ஒரு பாட்டில் அம்மா அழலாம். அழட்டும், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள், "அழாதேம்மா" என்று சொல்லாதீர்கள். சபாவில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

31-ம் தேதி இரவு சின்ன விஷயம்தான். மகள் ஆடட்டும், நீங்களும் கணவரும் போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால், சாயங்காலமே டிரெஸ்ஸைப் போட்டுக்கொண்டு பாட்டிக்கு அறையில் ஒரு தடவை ஆடிக் காட்டச் சொல்லுங்கள், அப்போது அம்மா மாடிக்கு வரவில்லை என்ற குறை யாருக்கும் இருக்காது. டான்ஸ் முடிந்ததும் நீங்கள் மட்டும் கீழே வந்துவிடுங்கள், கணவர் மகளோடு இருக்கட்டும். 12 மணிக்கு மேலே எல்லோரும் கத்தும்போது அம்மா தூங்காமல்தான் படுத்திருப்பார், அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள். டீச்சர் வீட்டில் அந்த இரவு சர்ச்சுக்குப் போவார்கள். போன வருஷத்துக்கு நன்றி சொல்லி, புது வருஷத்துக்கு பைபிளிலிருந்து ஒரு வாக்குத்தத்த வசனம் வாங்கி வருகிற ஆராதனை அது. நான் அறிந்த எல்லாப் புத்தாண்டுக் கொண்டாட்டங்களிலும் இதுதான் எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது. கூப்பிட்டால் நீங்களும் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம். மெரினா பக்கம் அன்றிரவு போகவே வேண்டாம், போலீஸ் காமராஜர் சாலையை அடைத்துவிடுவார்கள், குழந்தையை வைத்துக்கொண்டு அல்லாட முடியாது.

அப்புறம், இந்த வருஷத்தில் ஒன்றுமே நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தாலுகா ஆபீஸில் நின்று வாங்கிய வாரிசுச் சான்றிதழ் என்ன? அம்மா கணக்கில் மாசாமாசம் குடும்ப ஓய்வூதியம் விழுகிறதென்றால், மாப்பிள்ளை முன்னால் கை நீட்டாமல் அவர் தன் மருந்தைத் தானே வாங்கிக்கொள்கிறார் என்றால், அதற்குக் காரணம் யார்? ஒரு மனுஷியைச் சொந்த ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து புது ஊரில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு டாக்டர் என்று எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறீர்கள். தம்பி தூரத்தில் இருக்க, இதையெல்லாம் நீங்கள் ஒருத்தியாகச் செய்திருக்கிறீர்கள். ஸ்டேட்டஸ் போடுகிறவர்களில் எத்தனை பேர் இவ்வளவு செய்தார்கள்?

அதோடு, இந்த வருஷத்தில் அப்பா இருந்த மாசங்களும் இருக்கின்றன. ஜனவரியிலிருந்து பங்குனி வரை அவர் இருந்தார், பொங்கலுக்கு உங்களோடு பேசியிருப்பார், தை மாசம் முடிந்தால் திருவையாறுகூடப் போய் வந்திருப்பார். வருஷக் கடைசியில் திரும்பிப் பார்ப்பதென்றால் அம்மாவோடு உட்கார்ந்து அந்த மாசங்களைப் பேசுங்கள். கடைசியாக என்ன காய் வாங்கி வந்தார், யாரோடு சண்டை போட்டார், எந்தக் கச்சேரியைக் குறை சொன்னார். மகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், அவளுக்கும் தாத்தாவைத் தெரியட்டும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. புத்தாண்டு கழிந்து இரண்டே வாரத்தில் பொங்கல். மாப்பிள்ளை வீட்டுப் பொங்கல் என்பதால் உங்கள் வீட்டில் பானை வைப்பீர்கள், ஆனால் பிறந்த வீட்டுச் சீர் இந்தத் தடவை வராது. கல்யாணமானதிலிருந்து அப்பா கொண்டுவந்த கரும்பும் மஞ்சள்கொத்தும் பச்சரிசியும் நினைவுக்கு வரும், டிசம்பர் முழுக்கச் சமாளித்துவிட்டு அன்றைக்குப் போய் உடைந்துவிடப் போகிறீர்களே என்றுதான் இப்போதே சொல்லிவைக்கிறேன். அம்மாவும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். தன் பென்ஷனிலிருந்து ஐந்நூறோ ஆயிரமோ உங்கள் கையில் திணிப்பார், அப்போது "உனக்கெதுக்கும்மா சிரமம்" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு அந்தப் பணத்தில் ஒரு பட்டுப்பாவாடைத் துணி எடுங்கள், கடைக்கு அம்மாவையும் கூட்டிப் போய், நிறத்தை அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.